புளியங்கொட்டை போக்கர்: அவசரப்படாமல் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த சித்தி மகன், பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் போனை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நாலு நாளா தொடர்ந்து ஜெயிச்சிட்டே வாரேன். சும்மா சிப்ஸ்தான், துட்டு இல்ல. ஆனா நமக்கு இது வரும்னு தோணுது."

"எத்தனை கை ஆடியிருப்பல?"

"ஒரு நானூறு இருக்கும்."

நானூறு கை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இதே முகத்தோடு இதே மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்ல ஆள் இல்லை. அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதையும், அதற்கு அப்புறம் சில மாதம் இருவரும் செய்து பார்த்ததையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். போக்கரில் டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற வகையைப் பற்றித்தான் பேச்சு. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு, இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் ஒருவருடைய கை. எந்தக் கை எதைவிடப் பெரியது என்ற வரிசையை ஒரு சாயங்காலத்தில் பழகிவிடலாம், அதற்குள் போகவில்லை.

முதல் படி: பணத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்

இது அறிவுரை மட்டும் இல்லை, சட்டமும் கூட. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு நடத்துவதையே தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்கிற வேலையே அதில் இல்லை. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கு முன்னால் தமிழ்நாட்டில் நடந்த சண்டை முழுக்க அந்தத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவில்தான். 2022இல் கொண்டுவந்த மாநிலச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டாகப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. இப்போது மத்தியச் சட்டம் வந்தபின் பணம் வைக்கும் மேசைக்கு அந்த வாதம் உதவாது.

சிலர் வெளிநாட்டு ஆப் ஒன்றைக் காட்டி, "இதுல நம்ம சட்டம் செல்லாதுப்பா" என்பார்கள். நம்பாதீர்கள். யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் ஜெயித்தால் அதைத் திரும்ப வாங்குவதற்கு எந்த வாசலும் இருக்காது. அல்வாவுக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கே அல்வா கொடுப்பது என்றால் அதுதான்.

பணம் இல்லாமல் போக்கர் கற்க முடியுமா என்று கேட்கலாம். முடியும், ஒரு சிக்கலோடு. இலவச சிப்ஸ் மேசைகளில் எவனும் எதற்கும் பயப்பட மாட்டான். முதல் கையிலேயே மூன்று பேர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுவார்கள். போனால் நாளைக்கு வேறு சிப்ஸ் வரும். அங்கே ஜெயிப்பது கற்றுக்கொண்டதற்கு அடையாளம் இல்லை. என் தம்பியின் நாலு நாள் வெற்றியில் பாதி இப்படி வந்ததுதான்.

நாங்கள் செய்தது இது. தெரிந்த ஐந்து பேர் சேர்ந்து, பணம் இல்லாத தனி மேசை ஒன்றை ஆப்பில் வைத்துக்கொண்டோம். ஒருவன் சென்னையில், ஒருவன் பெங்களூரில், மற்றவர்கள் இங்கே. வாரம் மூன்று ராத்திரி, ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை. ஊரில் கூடும்போது நேரில், புளியங்கொட்டை வைத்து. ஆளுக்கு 200 கொட்டை. சிறிய கட்டாயப் பந்தயம் 1, பெரியது 2. பெரியதை பிக் பிளைண்ட் என்பார்கள். இந்த விளையாட்டில் லாப நட்டத்தை ரூபாயில் பேச மாட்டார்கள், இந்த அலகில்தான் பேசுவார்கள். மாதக் கடைசியில் கணக்கில் பின்தங்கியவன் அத்தனை பேரின் டீ டம்ளரையும் கழுவ வேண்டும். வெறும் டம்ளர்தான், ஆனாலும் அதற்காகவே ஆட்கள் யோசித்து ஆட ஆரம்பித்தார்கள். இழப்பு கொஞ்சமாவது உறுத்தினால் போதும், கடன் வாங்குகிற அளவுக்கு உறுத்த வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எவ்வளவு காலம் ஆகும் என்ற கணக்கை முதலிலேயே பார்த்துவிடுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடிக்கும். என்னைக் கேட்டால் இதுதான் முதலில் வர வேண்டும், விரிவாகவும் வர வேண்டும்.

நன்றாக ஆடும் ஒருவர் நூறு கைக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல ஆட்டம், எல்லாருக்கும் வராது. ஆனால் அந்த 5 ஒவ்வொரு நூறு கையிலும் ஒழுங்காக வந்து சேராது. ஆறு பேர் மேசையில், நூறு கைக்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். லாபம் 5, ஏற்ற இறக்கம் 90. ஒரு ஊஞ்சலில் நின்றுகொண்டு உயரம் அளப்பது மாதிரி.

ஏற்ற இறக்கம் 90 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. அந்த நல்ல ஆட்டக்காரர் 1,000 கை ஆடினால், நூற்றில் 43 தடவை நட்டத்தில்தான் எழுந்திருப்பார். 10,000 கை ஆடினாலும் நூற்றில் 29 தடவை நட்டம். 1,00,000 கை ஆடிய பிறகுதான் அது 4 ஆகக் குறைகிறது. அப்போதும் பூஜ்யம் இல்லை.

இதையே தலைகீழாகப் போட்டுத் தம்பிக்குக் காட்டினேன். நூறு கைக்கு 5 வீதம் தோற்கிற ஒரு மோசமான ஆட்டக்காரன், 400 கை முடிவில் லாபத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? சுமார் 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டு வருகிற பக்கத்தைச் சொல்வதற்கும் அவன் நாலு நாள் வெற்றிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ நான் நல்லா ஆடுறேனா இல்லையான்னு எப்பண்ணே தெரியும்?" என்றான். சரியான கேள்வி.

இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு ஏறத்தாழ 70 கை ஓடும். தினமும் தவறாமல் இரண்டு மணி நேரம் ஆடினால் 140. ஒரு லட்சத்தைத் தொட 714 நாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம். தாமிரபரணிப் பாசனத்தில் கார் இரண்டு, பிசானம் இரண்டு, ஆக நாலு அறுவடை. எங்கள் மாதிரி வாரம் மூன்று ராத்திரி ஆடினால் ஆறு வருஷம் ஆனாலும் தொட முடியாது. நேரில் கொட்டை வைத்து ஆடுவது இன்னும் மெதுவு, மணிக்கு 25, 30 கைதான்.

2023 டிசம்பர் 17, 18 நமக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அந்த ஊர் சிரபுஞ்சி ஆகிவிட்டது என்று எந்த விவசாயியும் விதையை மாற்ற மாட்டார். சீட்டில் மட்டும் ஒரு ராத்திரியை வைத்து நம் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறோம்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக மோதியது. 20 நாளில் மொத்தம் 1,20,000 கை. அதோடு விடவில்லை. ஒரு ஆட்டக்காரருக்கு வந்த சீட்டை வேறொரு மேசையில் நிரலுக்குக் கொடுத்து, நிரலுக்கு வந்ததை அங்கிருந்தவருக்குக் கொடுத்து, அதிர்ஷ்டத்தை இரண்டு பக்கமும் சமமாக்கப் பார்த்தார்கள். அத்தனையும் செய்த பிறகுதான் 'நிரல் ஜெயித்தது' என்று துணிந்து சொன்னார்கள். நாம் நானூறு கையில் சொல்லிவிடுகிறோம்.

ஆக, 'ஜெயிக்கிறேனா' என்ற கேள்விக்கு வருஷக்கணக்கில் பதில் வராது. வேறு கேள்வி ஒன்றைக் கையில் எடுத்தால்தான் கற்க முடியும். அது ஐந்தாம் படியில் வருகிறது.

மூன்றாம் படி: கையை வீசப் பழகுங்கள்

வருகிற இரண்டு சீட்டில் 1,326 விதச் சேர்க்கை உண்டு. எந்தச் சின்னம் (இஸ்பேட், ஆட்டின் மாதிரி) என்பதை விட்டுவிட்டு, இரண்டும் ஒரே சின்னமா இல்லையா என்று மட்டும் பார்த்தால் 169 வகை. இதில் பெரும்பாலானவை குப்பை. ஆறு பேர் மேசையில் நூறு கை வந்தால் 20, 25 கை ஆடினால் போதும், மீதியை ஆடாமல் வீசிவிட வேண்டும், இதைத்தான் ஃபோல்டு என்பார்கள். முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது 15 போதும். கடைசியாகப் பேசும் இடமான பட்டனில் 40 வரை போகலாம், ஏனென்றால் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்.

ஏட்டில் எளிதாக இருக்கும். நடப்பில் இதுதான் மனிதனைக் கொல்லும். கையில் ஜோடி வருவது 17 கைக்கு ஒரு முறை. இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை, மணிக்கு 70 கை என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. அப்படி வந்த ஏஸையும் எல்லாரும் ஃபோல்டு செய்து நமக்கு மூன்று கொட்டை மட்டும் கிடைக்கிற ராத்திரிகள் உண்டு. சிறிய ஜோடியை வைத்துக்கொண்டு முதல் மூன்று பொதுச் சீட்டில், அதாவது பிளாப்பில், அதே எண் மூன்றாவதாக விழ வேண்டும் என்று காத்திருந்தால், நூற்றில் 12 தடவை விழும். ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தால் துள்ளுவோம். ஆனால் பிளாப்பில் அந்த இரண்டில் ஒன்றுக்கு ஜோடி விழுவது மூன்றில் ஒரு தடவைதான்.

ரம்மி ஆடிப் பழகிய கைக்கு இது ரொம்பக் கஷ்டம். ரம்மியில் முதலிலேயே டிராப் ஆவது தோல்வி மாதிரி. 304 ஆடியவர்களுக்கோ ஒதுங்குவதற்கே இடமில்லை, வந்த சீட்டை ஆடித்தான் ஆக வேண்டும். இங்கே நாலில் மூன்று கையை வீசுவதுதான் ஆட்டமே.

வெறுமனே காத்திருந்தால் மனம் கேட்காது. அதற்கு வேலை கொடுங்கள். நீங்கள் ஆடாத கையில், ஆடுகிற இரண்டு பேரிடம் என்ன இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். சீட்டைத் திறந்து காட்டும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் பெங்களூர்க்காரன் நல்ல கை வந்தால் மட்டும் யோசிக்கிற மாதிரி நேரம் எடுப்பான். ஆறு வாரம் வீசிக்கொண்டே பார்த்ததில் கிடைத்த தகவல் அது. இதைப் படித்தால் மாற்றிக்கொள்வான், பரவாயில்லை.

நாலாம் படி: ஒரே ஒரு கணக்கு, அதை முழுசாக

ஒரு சனிக்கிழமை ராத்திரி, நேரில், புளியங்கொட்டை. தம்பி கையில் இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் எட்டு. பிளாப்பில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் மூன்று, ஆட்டின் ராணி. நாலாவது சீட்டு கிளாவர் நாலு. நடுவில் குவிந்திருக்கிற மொத்தம், அதாவது பாட், 60 கொட்டை. எதிரே இருந்தவன் 30 வைத்தான். அவனிடம் ராஜா ஜோடி இருக்கும் என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே சின்னம், ஜெயிப்பு. விழாவிட்டால் ஒன்றுமில்லை.

தம்பியும் 30 வைத்தான். கடைசிச் சீட்டு இஸ்பேட் ஐந்து. மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு, "பாத்தீங்களா!" என்று குதித்தான்.

இப்போது கணக்கு. அவனுக்குத் தெரிந்த சீட்டு ஆறு, மிச்சம் 46. அதில் இஸ்பேட் 9. இதே இடம் 46 தடவை வந்து, ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு தடவை விழுகிறது என்று வையுங்கள். 9 தடவை ஜெயிப்பான், ஒவ்வொன்றுக்கும் 90 கொட்டை, ஆக 810. மீதி 37 தடவை 30 வீதம் போகும், ஆக 1,110. நிகரமாக 300 கொட்டை நட்டம். ஒவ்வொரு தடவையும் சுமார் ஆறரை கொட்டையைக் கீழே எறிகிற முடிவு அது. விகிதமாகச் சொன்னால், 120 ஆகப் போகும் பாட்டுக்கு 30 கொடுக்கிறான், அதற்கு 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். அவனிடம் இருந்தது 20க்கும் சற்றுக் குறைவு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும். இஸ்பேட் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க முடியுமானால் கணக்கு மாறும். 1,110ஐ 9ஆல் வகுத்தால் 123 வருகிறது. 90 ஏற்கெனவே இருக்கிறது. ஆக, ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் சராசரியாக இன்னும் 34 கொட்டையாவது வாங்க முடியும் என்றால் அந்த 30ஐ வைக்கலாம். மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் எதிராளி பயந்து கையைக் கட்டிக்கொள்கிற ஆள் என்றால் முடியாது. அன்றைக்கு எதிரே இருந்தவன் அப்படிப்பட்டவன்தான். ஒரு கொட்டை கூடத் தரவில்லை.

விரலில் போடுகிற குறுக்குவழி ஒன்றும் உண்டு. உதவுகிற சீட்டின் எண்ணிக்கையை, இன்னும் ஒரு சீட்டு வரவேண்டும் என்றால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டு பாக்கி என்றால் நாலால் பெருக்குங்கள். 9 இஸ்பேட்டுக்கு முறையே 18, 36. உண்மையான விடை 19.6, 35. மேசையில் இது போதும்.

கணக்கை விளக்கி முடித்ததும் தம்பி சொன்னான்: "ஆனா ஜெயிச்சிட்டேம்லா." கற்பதை இந்த விளையாட்டு எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது. சைக்கிள் ஓட்டக் கற்கும்போது தப்பாக ஓட்டினால் உடனே விழுவோம். இங்கே தப்பாக ஓட்டினாலும் ஐந்தில் ஒரு தடவை கைதட்டு கிடைக்கும். சரியாக ஓட்டி முட்டி உடைகிற நாளும் உண்டு.

ஐந்தாம் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். போனில் வேண்டாம், கையால் எழுதுவதில் ஒரு நிதானம் வருகிறது. ஒரு ராத்திரிக்கு மூன்று கை மட்டும், யோசிக்க வைத்த கைகள். சீட்டு, இடம், பாட் எவ்வளவு, எதிராளி என்ன செய்தான், நான் என்ன செய்தேன், ஏன். அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. அந்தக் குறி, எடுத்த முடிவு சரியா என்ற கேள்விக்குத்தான், வந்த சீட்டுக்கு இல்லை. கை எப்படி முடிந்தது என்பதை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். வாரக் கடைசியில் திரும்பிப் பார்க்கும்போது முதல் பக்கத்தை மட்டும் படித்து மறுபடி குறி போடுங்கள். பழைய குறியும் புதிய குறியும் வேறுபட்டால் அங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் நோட்டில் முதல் மாதம் பாதிக்குப் பாதி பெருக்கல் குறி. மூன்றாம் மாதம் நாலில் ஒன்று. கொட்டைக் கணக்கில் இந்த முன்னேற்றம் தெரியவே இல்லை. மூன்றாம் மாதம்தான் நான் டம்ளர் கழுவினேன்.

இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்புக் கணிப்பான்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். இரண்டு கையைப் போட்டால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். ஏஸ் ஜோடிக்கு எதிராக ராஜா ஜோடி வந்தால் ஏஸ் சுமார் 82 தடவை ஜெயிக்கும். ராணி ஜோடிக்கு எதிராக ஏஸ்-ராஜா வந்தால் ராணிக்கு 55க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட சரிபாதி. இந்த மாதிரி ஏழெட்டு எண் மனதில் பதிந்தால் புலம்பல் குறையும். ஏஸ் ஜோடி ராஜா ஜோடியிடம் தோற்றால் உலகமே சதி செய்கிற மாதிரி தோன்றும். ஆனால் ஐந்து தடவை அப்படி மோதினால் ஐந்தையும் ஜெயிக்க வாய்ப்பு 37 சதவீதம்தான். ஒன்றாவது தோற்பதுதான் இயல்பு.

ஆடுகிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது நோட்டுக்கு ஒதுக்குங்கள். எங்கள் ஐந்து பேரில் நோட்டு எழுதியது இரண்டு பேர். மற்றவர்கள் எப்படி ஆடினார்களோ இன்றும் அப்படியே ஆடுகிறார்கள்.

ஆறாம் படி: வெப்ராளம் வந்தால் எழுந்துவிடுங்கள்

தோற்ற எரிச்சலில் நிதானம் இழந்து ஆடுவதை ஆங்கிலத்தில் டில்ட் என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது.

என் கதை சுருக்கமாக. தடைக்கு முன்னால், ஒரு ஆப்பில், பணம் வைத்து ஆடியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் லாபம். அப்புறம் ஒரு ராத்திரி பெரிய கை ஒன்று கடைசிச் சீட்டில் போனது. நான் ஆடியது சரி, வந்த சீட்டுதான் சரியில்லை. அதோடு படுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். "விட்டதைப் பிடிச்சிட்டுப் படுப்போம்" என்று அதைவிடப் பெரிய மேசையில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குத் திரையை அணைத்தபோது, தங்கச்சி கல்யாணச் சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த தவணைப் பணமும் போயிருந்தது. வீட்டில் சொல்ல நாலு மாதம் ஆனது. பணத்தைவிட அந்த நாலு மாதம்தான் அதிகம் வலித்தது.

அந்த ராத்திரியைத் திரும்பத் திரும்ப யோசித்ததில், தொகையை வைத்து வரம்பு போட்டால் வேலைக்கு ஆகாது என்று பட்டது. தோற்கிற நேரத்தில் தொகை நம்மோடு பேரம் பேசும். நேரத்தை வைத்துப் போடுங்கள். பத்தரைக்கு மேசை மூடும் என்றால் ஜெயித்தாலும் தோற்றாலும் மூடும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பணம் வைக்கும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது, அந்த ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த விதியை எழுதியவருக்கு இந்த மூன்று மணி வியாதி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு சொல்கிற அறிகுறிகளைக் கவனியுங்கள். எனக்குக் காது மடல் சூடாகும். தம்பி நகம் கடிப்பான். சென்னைக்காரன் எழுதுவதை எல்லாம் ஆச்சரியக்குறியோடு எழுத ஆரம்பிப்பான். அறிகுறி தெரிந்ததும் அடுத்த கைக்குச் சீட்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான் விதி.

ஏற்கெனவே கடனில் மாட்டியிருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். ஆப்காரன் பணத்தை ஏமாற்றியிருந்தால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

ஏழாம் படி: 'இதில் சம்பாதிக்கலாம்' என்ற எண்ணத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள்

சட்டம் அனுமதித்த காலத்திலேயே இது கடினமான பிழைப்புதான். காரணம் எளிது. மேசை நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கு எடுப்பார், பொதுவாக நூற்றுக்கு 5 அளவில். எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு கை முடிந்ததும் சித்தி வந்து பாட்டில் நூற்றுக்கு அஞ்சு கொட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போகிறாள். ஐந்து பேரும் சமமான திறமை என்றால் என்ன ஆகும்? போகப் போகக் கொட்டை எல்லாம் சித்தியிடம் இருக்கும், ஐந்து பேருமே தோற்றிருப்போம். மற்றவரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, சித்தி எடுக்கிற பங்கையும் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். இதன் மேல் 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் 30 சதவீத வரிப் பிடித்தம், அதே வருஷம் அக்டோபர் முதல் கட்டுகிற தொகை மீது 28 சதவீத ஜிஎஸ்டி. நூறு கைக்கு 5 லாபம் என்ற நம் நல்ல ஆட்டக்காரர் இதற்குள் எங்கே நிற்பார் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படியும் கனவு ஏன் சாகவில்லை? 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் சிறு தொகைக்கு ஆடித் தகுதிபெற்று, உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார். பெயரே அப்படி அமைந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க ஆட்கள் இணையப் போக்கருக்கு வந்து குவிந்தார்கள். அந்தப் போட்டியில் இறங்கியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

அப்புறம் எதற்குக் கற்க வேண்டும்? எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கிறது. ஐந்து பேரும் வாரம் மூன்று நாள் பேசிக்கொள்கிறோம். தெரியாததை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எப்படி என்று கொஞ்சம் விளங்குகிறது. இந்த அளவுக்கு எதிர்பார்த்தால் போதும், ஏமாற்றம் இல்லை.

மாதவாரியாக என்ன எதிர்பார்க்கலாம் என்று தம்பி கேட்டதற்கு நான் எழுதிக்கொடுத்தது: முதல் மாதம், எந்தக் கை பெரியது என்று யோசிக்காமல் சொல்ல வரும். மூன்றாம் மாதம், நாலில் மூன்று கையை எரிச்சல் இல்லாமல் வீச வரும். ஆறாம் மாதம், பாட்டுக்கும் பந்தயத்துக்கும் உள்ள விகிதம் தானாக மனதில் ஓடும். ஒரு வருஷத்தில், எதிராளியிடம் என்ன இருக்கும் என்று ஒரே கையாக இல்லாமல் ஐந்தாறு கையாக நினைக்க வரும். அதற்கு மேல் நான் எழுதவில்லை, நானே அங்கேதான் நிற்கிறேன்.

பொங்கலுக்கு அவன் மறுபடி வந்திருந்தான். ராத்திரி மாடியில் நாலு பேர், கொட்டைச் சாக்கு. ஒரு கையில் அவனுக்கு ஆட்டின் பத்தும் ஆட்டின் ஏழும். பிளாப்பில் இரண்டு ஆட்டின். நாலாவது சீட்டு உதவவில்லை, பாட் 48, எதிரே 36 வைத்தார்கள். அவன் உதடு அசைந்தது, ஒன்பது, நாற்பத்தாறு என்று. சீட்டைக் கவிழ்த்து நடுவில் தள்ளினான். மற்ற இரண்டு பேரும் தொடர்ந்தார்கள். கடைசிச் சீட்டு ஆட்டின் ராணி.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டான். பேனாவை மூடினான்.

"டிக்குதான் அண்ணே," என்றான். "ஆனா வயிறு எரியுது."

"எரியும்ல," என்றேன். கீழே சித்தி டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாத டம்ளர் பெங்களூர்க்காரனுடையது.